மூன்று பேர் குளித்த தண்ணீர்

வெந்நீருக்காக ஒரு மனிதனைச் சயாமுக்கு அனுப்பப் பார்ப்பார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அதிலும் அந்த வெந்நீரில் அவர் குளிக்கவே இல்லை. குளித்தது மூன்று ஜப்பான் அதிகாரிகள். மாட்டிக்கொண்டது என் கணவர்.

மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். என் கணவர் ரயில்வேயில் கிராணி. குமாஸ்தாவை மலாயாவில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார இஞ்சினீயர், சண்டை நெருங்கியதும் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் பங்களாச் சாவியை என் கணவர் கையில் திணித்துவிட்டுப் போனார். நன்றி கெட்ட மனிதர் என்று நான் அவரை இன்றைக்கும் திட்டுவேன். சாவியை ஆற்றில் வீசிவிட்டுப் போயிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

பங்களாவை ராணுவம் எடுத்துக்கொண்டது. சாவி யாரிடம் என்று விசாரித்தார்கள். சாவி வைத்திருந்தவன் தலையிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலையையும் கட்டினார்கள். பகலில் ரயில்வே ஆபீஸ், மாலையில் பங்களா. நாங்கள் பின்கட்டில் இருந்த வேலைக்காரர் அறைகளுக்குக் குடி போனோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: என் கணவர், நான், அவருடைய அக்கா. அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

விறகைக் கழுவி அடுப்பில் வைக்கிறவள் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் அண்ணி நிஜமாகவே கழுவுவார். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நான்தான் கிழங்கு அவிக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்த உப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அண்ணி ஒருமுறை தண்ணீர் காட்டாமல் உள்ளே விடமாட்டார். என் கைபட்ட குடத்தை அலம்பி வைக்கிறபோது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாய் திறந்தால் என் கணவர் முகம் வாடிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பங்களாவில் இருந்த மூன்று அதிகாரிகளுக்கும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். பெரியது, நடுவுலது, சின்னது. எங்களுக்குள் பேசும்போது மட்டும்தான். எதிரில் நின்றால் இடுப்பு வரை குனிய வேண்டும். குனிந்தது போதவில்லை என்றால் கன்னத்தில் விழும்.

மாலையில் வந்ததும் அந்த மூன்று பேருக்கும் குளிக்க வேண்டும். இஞ்சினீயரின் குளியலறையில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. சுவரில் செம்பில் செய்த ஒரு சின்ன உருளை, அதன் கீழே குழாய், பக்கத்தில் கரண்டு சுவிட்ச். நாங்கள் அதைப் பாய்லர் என்போம். வெள்ளைக்காரர்கள் அதிலிருந்து கொஞ்சம் வெந்நீர் பிடித்துப் பச்சைத் தண்ணீரோடு விளாவிக் குளிப்பார்களாம். அதற்காகச் செய்த சின்னச் சாமான் அது. இவர்களுக்கோ தொட்டி நிறைய, கழுத்து வரைக்கும், தோல் உரிகிற சூட்டில் வேண்டும். பாய்லர் கொதித்து, அதைத் தொட்டியில் திறந்துவிட்டு, மறுபடி நிரப்பி, மறுபடி கொதிக்கவிட்டு என்று ஒரு தொட்டி நிறையவே பொழுது போய்விடும். விறகில் காய்ச்சலாம் என்றால், கூப்பனுக்குக் கிடைத்த விறகு அவர்கள் சோற்றுக்கும் எங்கள் கிழங்குக்குமே பற்றவில்லை.

முதலில் பெரியது குளிக்கும். அது வெளியே வந்ததும் என் கணவர் உள்ளே போய் ரப்பர் மூடியைப் பிடுங்கித் தண்ணீரைப் போகவிட்டு, தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பாய்லர் சுவிட்சை மறுபடி போடுவார். அடுத்தது நடுவுலது. மறுபடி கழுவல், மறுபடி பாய்லர். கடைசியில் சின்னது. தேய்க்கிற சாம்பலைச் சலித்துக் கொடுப்பது அண்ணியின் வேலை.

"ஜப்பான்காரனா இருந்தா என்ன, மனுசன்தானே? ஒருத்தன் அழுக்குல இன்னொருத்தன உக்கார வைக்கிற பாவம் நமக்கு வேணாம் தம்பி. நல்லா தேய்" என்பார்.

காத்திருக்கிற நேரத்தில் நடுவுலது பொறுமை இழந்து தரையைக் காலால் உதைக்கும். பாய்லர் சிறியது, நாங்கள் என்ன செய்வோம் என்று நினைத்துக்கொள்வோம். வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயம்தான் கரண்டுக்கு அளவு வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் என்று மின்சார ஆபீஸ் சொன்னது. ராணுவ அதிகாரிகளின் பெயரை மின்சார ஆபீஸ் தன் புத்தகத்தில் எழுத முடியாதாம். அதனால் அந்த வீட்டுக் கரண்டுக்குப் பொறுப்பு என்று என் கணவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெயர்தானே, எழுதிவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

மீட்டர் பார்க்கிறவர் நம் ஆள்தான். சைக்கிளைச் சாய்த்துவிட்டு முன் வராந்தாவில் மீட்டரைக் குனிந்து பார்த்தவர், திரும்பவும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"கிராணியாரே, என்னா லா இது? உள்ள என்ன மில்லா ஓட்டுறீங்க?"

"மூணு பேருக்குக் குளிக்க வெந்நீர் போடுறோம் அண்ணே."

"மூணு பேருக்கு வெந்நீரா? முப்பது பேருக்குப் போட்டாக்கூட இவ்வளவு ஓடாதே. நான் எழுதாம விட்டா என் தலை போயிரும். எழுதிட்டுத்தான் போவேன், கோவிச்சுக்காதீங்க."

எழுதிக்கொண்டு போனார். சில நாளில் மின்சார ஆபீஸிலிருந்து ஆள் வந்து என் கணவரைக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அங்க மேல இருக்கிறவன் ஜப்பான்காரன். கரண்டை வீணாக்குறவன் சண்டைக்கு எதிரியாம். அடுத்த தடவை மீட்டர் குறையலைன்னா என் பேரைச் சயாமுக்கு எழுதிக் குடுத்துருவானாம்."

சயாம் என்ற சொல்லை அந்த நாட்களில் சத்தமாகச் சொல்ல மாட்டோம். எனக்குப் பிறந்த ஊர் கிள்ளான். அங்கே தோட்டத்திலிருந்த என் சித்தப்பா மகனைச் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு என்று லோரியில் ஏற்றிப் போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வடக்கே போகிற பெட்டிகள் ஆட்களால் நிறைந்து போவதையும், காலியாகத் திரும்பி வருவதையும் என் கணவர் தன் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அதிகாரிங்க குளிக்கிறாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் கத்தினேன்.

"சொன்னேன். ராணுவத்து மேல பழி போடுறியான்னு கேட்டான்."

அதிகாரிகளிடம் போய்க் குளிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் நடக்கிற காரியமில்லை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. நடுவில் அந்தச் செம்பு உருளை. என் புருஷனின் உயிர் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. குண்டு போடும்போது கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அன்றிலிருந்து எனக்கு மீட்டர்தான் சாமி. கண்ணாடிக்குள் ஒரு வட்டத் தகடு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். கோடு சாவகாசமாக வந்து போனது. பாய்லர் சுவிட்சைப் போட்டதும் கண்ணுக்கே சிக்காமல் ஓடியது. விளக்கைக் குறைத்துப் புண்ணியமில்லை, பாய்லரைத்தான் கட்டிப்போட வேண்டும் என்று அப்போது புரிந்தது.

எங்களால் முடிந்த வித்தையெல்லாம் செய்தோம். எங்கள் தலையணைகளைக் கிழித்து இலவம்பஞ்சை எடுத்து, சாக்கில் பரப்பி, பாய்லரைச் சுற்றிக் கட்டினோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிறு கட்டுவதைப் போலச் சேலைக் கிழிசலால் இறுக்கினார் அண்ணி. சூடு வெளியே போகாமல் நின்றது. மண்ணெண்ணெய் டின்களில் தார் பூசி, தண்ணீர் நிரப்பித் தகரக் கூரை மேல் வெயிலில் வைத்தேன். மதியத்துக்கு மேல் தொட்டால் கை பொறுக்காது. அதைக் கொண்டுவந்து பாய்லரில் ஊற்றினால் சீக்கிரம் கொதித்தது. எங்கள் அறைகளில் செம்பனை எண்ணெய் விளக்குத்தான். கொதி வருவதற்குச் சற்று முன்பே சுவிட்சை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் ஏறட்டும் என்று விட்டுப் பார்த்தோம்.

கொஞ்சம் குறைந்தது. ஆனால் போதாது. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் கூரை டின்களும் கைவிட்டன. மூன்று தொட்டி மூன்று தொட்டிதான். கறுப்புக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். நான் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு கம்பளி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கட்டிலடியில் வைத்தேன். சயாமில் குளிர் இருக்குமா என்று கேட்க ஆளில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு மாலை பெரியது குளித்துவிட்டு வந்தது. வழக்கம்போல என் கணவர் உள்ளே போனார். பெரியது கைக்கடிகாரத்தை மறந்து வைத்துவிட்டதால் திரும்பிப் போய்க் கதவைத் திறந்திருக்கிறது. தொட்டித் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குகிறது, பக்கத்தில் சாம்பல் சட்டியோடு இவர். அடுப்படியில் இருந்த எங்களுக்கு முதலில் ஒரு கூச்சல் கேட்டது. பிறகு அறை விழுகிற சத்தம். பிறகு இன்னொன்று.

நான் உறைந்து நின்றேன். எதற்காக அடிக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் பின்வாசல் வழியாக வந்தார். ஒரு கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அடியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் பதறிப்போனேன்.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க? ஐயோ, என்னாச்சு உங்களுக்கு?"

"ஒரே தண்ணி" என்றார். "மூணு பேருக்கும் ஒரே தண்ணிதானாம்!"

ரயில்வேயில் எல்லாக் கிராணிகளும் ஜப்பான் பாஷை படித்தாக வேண்டும். அதனால் பெரியது கத்தியதில் பாதி அவருக்குப் புரிந்திருந்தது. அவர்கள் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து அழுக்கெல்லாம் போகக் கழுவிக்கொண்ட பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவார்களாம். இறங்குவது சும்மா சூட்டில் ஊறுவதற்காகவாம். ஒருவர் ஊறிய தண்ணீரில் அடுத்தவர், அதற்கடுத்தவர். அவர்கள் ஊரில் ஒரு குடும்பமே அப்படித்தானாம். இத்தனை மாதமாக நாங்கள் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கழுவிக்கொண்டு இறங்கிய தண்ணீரும் புதுத் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். கோட்டு, பூட்டு, வாள் என்று உலாவுகிற ஆட்கள். வெள்ளைக்காரனையே ஓட ஓட விரட்டியவர்கள். ஒருவன் உட்கார்ந்த தண்ணீரில் இன்னொருவனா?

"சீ" என்றார் அண்ணி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிக் குமட்டினார்.

எனக்கும் குமட்டத்தான் செய்தது. ஆனால் குமட்டலோடு சேர்ந்து ஒரு கணக்கும் ஓடியது. ஒரு தொட்டி! இனி ஒரே ஒரு தொட்டி! என் வாழ்க்கையில் ஒரு அறைக்காக நான் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான். மஞ்சளை அரைத்து அவர் கன்னத்தில் பற்றுப் போட்டுக்கொண்டே நானும் சிரித்தேன். அந்தப் பக்கத்துக் காது அவருக்குக் கடைசிவரை சரியாகக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து ஒரு தொட்டிதான். மூன்று பேரும் குளித்து முடித்த பிறகும் தண்ணீரைத் திறந்துவிடாமல் வைத்திருந்து, காலையில் வாளியில் மொண்டு மரவள்ளிக்கு ஊற்றினேன். அண்ணி அந்தக் குளியலறைப் பக்கமே போவதை விட்டுவிட்டார். நடுவுலது காலை உதைப்பதை நிறுத்தியது. மீட்டரின் கறுப்புக் கோடு ஓடி ஓடிச் சீக்கிரம் ஓய்ந்தது. கட்டிலடியில் இருந்த பையைப் பிரித்து வேட்டிகளைக் கொடியில் போட்டேன்.

மீட்டர்காரர் வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்தார்.

"இப்பதான் கிராணியாரே, மீட்டர் மனுசன் வீட்டு மீட்டர் மாதிரி இருக்கு. பாதிக்கு மேல எறங்கிருச்சு. பொழைச்சீங்க."

அவருக்கு அவித்த கிழங்கும் கறுப்புக் காப்பியும் கொடுத்து அனுப்பினேன். சயாம் பயம் போய்விட்டது என்று நினைத்தேன். எவ்வளவு பைத்தியக்காரி நான்!

அடுத்த வாரம் காலையில், அதிகாரிகள் மூவரும் வெளியே போன பிறகு, ஒரு கார் வந்து நின்றது. மின்சார ஆபீஸின் அந்த ஜப்பான் மேலதிகாரியே இறங்கினான். கையில் பிரம்பு. கூட ஒரு சீன மொழிபெயர்ப்பாளர். அவர் சொன்னது மலாயில். சந்தையில் மலாய் கேட்டு வளர்ந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"போன தடவை அவ்வளவு கரண்டு. மிரட்டியதும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அப்படியென்றால் இங்கே எதையோ ஓட்டிக்கொண்டிருந்தாய். பயந்து நிறுத்திவிட்டாய். அது என்ன மிஷின், ரேடியோவா, எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று துவான் கேட்கிறார்."

துவான் என்று அவர் சொன்னது அந்த மேலதிகாரித் துரையை. கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றமா? குறைக்கச் சொன்னவனே குறைந்தது ஏன் என்று கேட்கிறான். அதுவும் ரேடியோ. ஒளித்து வைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டவர்களை என்ன செய்தார்கள் என்பது பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சயாமே தேவலை.

எங்கள் அறைகளைக் கவிழ்த்துப் போட்டான். தலையணையை எடுத்தவன் வெறும் உறை என்று கண்டதும் உதறினான். பஞ்சு எங்கே போனது என்று கேள்வி. என் கணவர் அவனைப் பங்களாக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். நானும் அண்ணியும் பின்னால் போனோம். சாக்கு சுற்றிய பாய்லரைப் பார்த்ததும் உள்ளே எதையோ புதைத்து வைத்திருப்பதாக நினைத்து அவன் பிரம்பாலேயே குத்திக் கிழித்தான். பஞ்சு பறந்தது. உள்ளே செம்பு மட்டும்தான் இருந்தது. கோபம் இன்னும் கூடிவிட்டது.

என் கணவர் பாதி ஜப்பான் பாஷையிலும் பாதி மலாயிலுமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆளுக்கும் தண்ணீரை மாற்றினோம். எங்கள் பழக்கத்தில் ஒருவர் குளித்த தண்ணீரில் இன்னொருவர் இறங்க மாட்டோம். உங்கள் பழக்கம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மாற்றவில்லை. அதனால்தான் குறைந்தது. வேண்டுமானால் அதிகாரிகளைக் கேளுங்கள்.

கடைசி வாக்கியத்துக்கு ஒரு அறை விழுந்தது. ராணுவத்திடம் போய்க் குளித்த கதையைக் கேட்பதா என்றான். மற்றதைக் கேட்டு அவன் கோபப்படவில்லை. எங்களை ஒரு மாதிரி பார்த்தான். கொதிக்க வைத்த சுத்தமான தண்ணீரை, ஒரு தடவை இல்லை, தினமும், எந்த மடையன் கொட்டுவான் என்று கேட்டான். நாங்கள் அன்றைக்கு ஒரே தண்ணீர் என்று கேட்டு எவ்வளவு திகைத்தோமோ அவ்வளவு திகைப்பு அவன் முகத்தில் இருந்தது. அவன் நடிக்கவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. நாங்கள் சொன்ன உண்மை அவனுக்கு உண்மையாக இருக்க வாய்ப்பே இல்லை.

தொட்டியில் முந்தின நாள் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்று பேர் ஊறிய தண்ணீர், ஆறிப்போய், மேலே மெல்லிய ஆடை கட்டி. அவன் பிரம்பால் அதைக் காட்டினான்.

"இறங்கு."

என் கணவர் இறங்கினார்.

ஒரு கணமாவது தயங்கியிருக்கலாம். முகத்தைச் சுளித்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, ஆபீஸுக்குப் புறப்பட்ட கோலத்திலேயே ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, கழுத்து வரைக்கும் உட்கார்ந்துவிட்டார். தலை முடியைக் கூட ஒழுங்காக ஒதுக்கிக்கொண்டார். என்ன செய்துவிட்டார் இவர்! முடியாது என்று காட்ட வேண்டிய இடம் அது ஒன்றுதான். அங்கே போய்ப் பணிந்துவிட்டாரே!

ஜப்பான்காரன் மெல்லச் சிரித்தான். மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இதில் இறங்க மாட்டேன் என்கிறவன் இப்படியா உட்காருவான் என்கிறார். நீங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிட்டதாம்."

தொட்டிக்குள் இருந்தவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவன் திரும்பி அண்ணியைக் காட்டினான். இறங்க வேண்டாம், கையை மட்டும் வை என்றான். அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவன் இன்னொரு தடவை சொன்னான். அண்ணி தலையை ஆட்டினார். தோளில் பிரம்படி விழுந்தது. அண்ணி சுவரில் மோதி, நிமிர்ந்து, கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி அடி.

"அண்ணி, வச்சிருங்க" என்று நான் அலறினேன். "கையத்தானே கேக்குறான், வச்சிருங்க!"

"முடியாதும்மா" என்றார் அண்ணி. வீரமாகச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு முடியலம்மா. வைக்கணும்னுதான் பாக்குறேன், கை வரமாட்டேங்குது."

மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அண்ணி சொன்னதை யாரும் ஜப்பான்காரனுக்குச் சொல்லவில்லை. அவன் பொறுமை இழந்து, வாளியில் அந்தத் தண்ணீரை மொண்டு அண்ணி முகத்தில் வீசினான்.

அண்ணி போட்ட கூச்சலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவனையே இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, சேலையோடு, தலையோடு, குடம் குடமாகக் கவிழ்த்துக்கொண்டார். சாம்பலை அள்ளி முகத்தில் தேய்த்தார். நாக்கை வழித்தார். குமட்டினார். மறுபடி தண்ணீர், மறுபடி சாம்பல். பிரம்போடு ஒருவன் பின்னால் வந்து நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

அவன் நின்று பார்த்தான். நான் அவன் காலில் விழத் தயாராக நின்றேன். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டிக் காட்டிச் சிரித்தான். கடைசியில் ஏதோ சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

"இந்தப் பெண் நடிக்கவில்லை என்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ரேடியோ இல்லை, தண்ணீர்தான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். கரண்டு இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

கார் போய்விட்டது. சத்தம் தேயும் வரை நான் அசையவில்லை. சயாமுக்கு இல்லை, எங்கேயும் இல்லை, இவர் இங்கேயேதான் இருக்கப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணிக்கு மாற்றுச் சேலை எடுத்துக் குழாயடியில் வைத்தேன். தோளில் பிரம்படி வார் வாராகத் தடித்திருந்தது. தொட்டால் பதறிவிடுவார் என்று தொடாமல் நின்றேன்.

அப்போதுதான் என் கணவர் இன்னும் வெளியே வரவில்லை என்பது உறைத்தது. குளியலறைக்கு ஓடினேன்.

தொட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்து வரைக்கும் தண்ணீர். பிய்ந்த இலவம்பஞ்சு மேலே மிதந்து அவர் தாடையில் ஒட்டியிருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது.

"போயிட்டாங்க. எந்திரிங்க" என்றேன்.

நல்ல காது என் பக்கம் திரும்பும்படி தலையைச் சாய்த்தார்.

"எந்திரிக்கச் சொன்னானா?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"சொன்னான்" என்றேன். அதற்குப் பிறகுதான் எழுந்தார்.